கேளுங்கள் டீச்சர்: “ஷூ வாங்கிக் கொடுத்தோம், பையனைக் காணோம்!”

நவம்பர் 14 குழந்தைகள் தினம், அதற்கு முந்தின நாள் 13-ம் தேதி உலகக் கருணை தினம். இரண்டையும் சேர்த்து ‘அன்பு வாரம்’ என்று கொண்டாடுகிற பழக்கம் இப்போது பல பள்ளிக்கூடங்களில் வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள் செய்கிற உதவி, செய்யாத உதவி பற்றித்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யார் பெயரும் போடவில்லை, அது நல்லதுக்குத்தான் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் ‘நற்செயல் டைரி’ கொடுத்திருக்கிறார்கள். தினமும் செய்த ஒரு நல்ல காரியத்தை எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாதக் கடைசியில் அதிகம் எழுதிய பிள்ளைக்கு ஸ்டார் பேட்ஜ். முதல் வாரம் ஆசையாகத்தான் செய்தான். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து “அம்மா, இன்னிக்கு என்ன எழுத?” என்கிறான். நேற்று நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனபோது ஓடிவந்தான், ஆனால் “கையெழுத்துப் போடுவியா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தான். இது சரியா டீச்சர்? - ஒரு அம்மா, கோவை

கையெழுத்தைப் போட்டுவிடுங்கள், பிள்ளை மேல் தப்பில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் நல்ல காரியத்துக்கு எங்கே போவான்? தூங்கிக்கொண்டிருந்த பாட்டியை எழுப்பித் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து எழுதின பிள்ளைகளை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தின் எண்ணம் நல்லதுதான். சிக்கல் அந்த ஸ்டாரில் இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் மார்க் லெப்பர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக் குழந்தைகளிடம் மட்டும் “வரைந்தால் தங்க ஸ்டார் ஒட்டி ரிப்பன் கட்டின சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லை, இஷ்டம்போல விளையாடுங்கள் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சரி, அது படம். உதவி செய்வதிலும் இப்படித்தானா என்று 2008-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னகனும் மைக்கேல் டோமசெல்லோவும் பார்த்தார்கள். 20 மாதக் குழந்தைகள், கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கிற அளவு உதவி. ஒவ்வொரு தடவையும் விளையாட்டுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், அது நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. ஒன்றும் வாங்காத குழந்தைகள் தவழ்ந்தும் தத்தியும் போய் எடுத்துக் கொடுத்தபடியே இருந்தன. உங்கள் பையன் குடத்தில் கை வைக்கும் முன்னால் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

அதற்காக எழுதவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை வாரத்துக்கு மூன்று நல்ல காரியம் என்று 4 வாரம் செய்யச் சொல்லி, அதன் முடிவை 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வாரம் மூன்று இடத்துக்குப் போய்வரச் சொன்ன இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், ஆனால் நல்ல காரியம் செய்த பிள்ளைகளைத்தான் வகுப்பில் கூடுதல் பேர் “இவனோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்” என்று தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று என்பதைக் கவனியுங்கள், தினப்படி வீட்டுப்பாடம் இல்லை.

வகுப்பாசிரியரைப் பார்த்து, டைரியைத் திருப்பிப் போட முடியுமா என்று கேளுங்கள். ‘நான் என்ன செய்தேன்’ வேண்டாம், ‘எனக்கு யார் என்ன செய்தார்கள்’ என்று எழுதட்டும். வாரம் ஒரு தடவை, ஒரு வரி, கையெழுத்து கிடையாது, யாரும் எண்ணப் போவதும் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த காலத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குவேன், எழுதியது யார் என்று சொல்லாமல் வாசிப்பேன். “நான் வாந்தி எடுத்தப்ப எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினாங்க, தினமும் என்கூட சண்டை போடுறவன்தான் மண்ணு அள்ளிட்டு வந்து போட்டான்” என்று ஒரு தடவை வந்தது. வாசித்ததும் கடைசி பெஞ்சில் ஒருத்தன் பைக்குள் தலையை விட்டு எதையோ ரொம்ப நேரம் தேடினான். அவனாக எழுதியிருந்தால் இந்த விஷயம் அவன் டைரியில் வந்தே இருக்காது, அது நல்ல காரியம் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் பிய்ந்த செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு வருவான். வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஆளுக்கு ஐந்து, பத்து என்று சேர்த்து ஷூ வாங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பிரேயரில் ஹெச்.எம். கையால் கொடுக்க வைத்தேன். எல்லோரும் கை தட்டினோம், போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பிலும் போட்டோம். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை, இன்றோடு நாலு நாள். நல்லதுதானே செய்தோம்? - ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பிள்ளைகள் செய்தது நல்லது. பிரேயரும் போட்டோவும் நாம் சேர்த்தது.

முதலில் செய்ய வேண்டியது, குரூப்பிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். அப்புறம் இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்வாருங்கள், தனியாகப் போங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஷூ பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். “திங்கக்கிழமை கணக்கு டெஸ்ட் இருக்குடா, நோட்டு யார்கிட்ட வாங்கித் தரட்டும்?” என்கிற மாதிரி சாதாரணமாகப் பேசுங்கள். அவன் அம்மா பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பையன் வெறும் காலோடு திரும்பி வந்தாலும் ஏன் ஷூ போடவில்லை என்று கேட்கக் கூடாது, இதை வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

பதினோரு வயதுப் பையனுக்கு இத்தனை நாள் செருப்பு பிய்ந்தது அவனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஐந்நூறு பேருக்குத் தெரிந்துபோயிற்று. அவன் அப்பாவின் போனிலும் அந்தப் போட்டோ போயிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். கொடுக்கிறவர் கை தட்டல் வாங்குகிற இடத்தில் வாங்குகிறவர் தலை குனிந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு உதவி செய்யச் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை, வாங்குகிற பிள்ளையின் மானம் போகாமல் செய்யச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் வேலை.

நம் அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தையே பாருங்கள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கினார்கள், அடுத்த வருடம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடலாம். வருமானச் சான்றிதழ் கேட்கிறார்களா? “வீட்டில் சாப்பிடாமல் வந்தவர்கள் மட்டும் எழுந்திருங்கள்” என்கிறார்களா? அப்படிக் கேட்டிருந்தால் பசியோடு வந்த பிள்ளைதான் முதலில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் உப்புமா, எல்லோருக்கும் பொங்கல் என்பதால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

வகுப்பிலும் இதையே சின்ன அளவில் செய்யலாம். ஜன்னல் பக்கம் ஒரு அட்டைப் பெட்டி வைத்து அதில் பென்சில், ரப்பர், ஸ்கேல், நீலப் பேனா, பாதி எழுதின ரஃப் நோட்டு, ஊக்கு, ஹேர்பேண்டு, ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் காகிதத்தில் சுற்றின நாப்கின் எல்லாம் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம், டீச்சரைக் கேட்க வேண்டாம், நோட்டில் எழுத வேண்டாம். முதல் வாரம் பெட்டி காலியாகும், சும்மா எடுத்துப் பார்ப்பார்கள், கவலைப்பட வேண்டாம். நீங்களும் அதிலிருந்தே பேனா எடுத்து எழுதுங்கள். டீச்சரே எடுக்கிற பெட்டியிலிருந்து எடுக்க எந்தப் பிள்ளையும் கூச்சப்படாது.

ஷூ, பை மாதிரி பெரிய சாமான் என்றால் பெட்டியில் நடக்காதுதான். அதை வீட்டுக்கு ஆளனுப்பி அம்மாவிடம் கொடுத்துவிடலாம், அம்மா வாங்கிக் கொடுத்ததாகவே பையன் நினைக்கட்டும். வகுப்புப் பிள்ளைகளைத் திட்டிவிடாதீர்கள். “நீங்க வாங்கினது நல்லது, கொடுத்த இடத்தைத்தான் மாத்தியிருக்கணும்” என்று சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரியும்.

கேள்வி: என் பையன் நாலாவது. பென்சில், ரப்பர், வாட்டர் பாட்டில் எது கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். டிபனில் பாதி தினமும் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள். இப்படியே வளர்ந்தால் ஏமாளி ஆகிவிட மாட்டானா? - ஓர் அப்பா, திருச்சி

அவன் கொடுக்கிறானா, அவனிடமிருந்து பிடுங்குகிறார்களா? இரண்டும் வீட்டுக்கு வரும்போது காலி டிபன் பாக்ஸாகத்தான் தெரியும். சாயங்காலம் “யாருக்குக் கொடுத்தே?” என்று விசாரிக்காமல் “இன்னிக்கு யார் யார் சேர்ந்து சாப்பிட்டீங்க, அவங்க என்ன கொண்டுவந்தாங்க?” என்று கேளுங்கள். “அவன் புளிசாதம் கொண்டுவந்தான், நான் பாதி எடுத்துக்கிட்டேன்” என்று கதை நீண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, நாளையிலிருந்து இரண்டு தோசை கூட வையுங்கள். தினமும் ஒரே பெயர், அந்தப் பெயரைச் சொல்லும்போது முகம் சுண்டுகிறது, அல்லது “தெரியல” என்று எழுந்து போகிறான் என்றால் வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

எதுவாக இருந்தாலும் “இன்னிக்கு முடியாது, எனக்கு வேணும்” என்று சொல்லப் பழக்குங்கள், வீட்டிலேயே உங்களிடமே சொல்லிப் பழகட்டும். நீங்கள் கேட்கும்போது அவன் மாட்டேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது உங்கள் பங்கு. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை கொடுக்கும்போது நிஜமாகவே கொடுக்கிறது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் கிளாஸில் ஒரு பெண்ணோடு யாரும் பேசக் கூடாது என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சரியாகத் தெரியாது. அவள் இன்டர்வெல்லில் தனியாக உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பேச ஆசை, பேசினால் என்னையும் ஒதுக்கிவிடுவார்கள். நான் கோழையா மிஸ்? - ஒரு மாணவி, சேலம்

கோழை எல்லாம் இல்லைம்மா. உன் பயம் நியாயமானது, நாலு பேர் சேர்ந்து ஒதுக்குவது என்றால் என்ன என்று கண் முன்னால் பார்க்கிறாய் இல்லையா, பயம் வரத்தான் செய்யும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2009-லிருந்து அந்த நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன கிவா என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒதுக்குகிறவரையும் ஒதுக்கப்படுகிறவரையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், சுற்றி நின்று பார்க்கிற மீதிப் பிள்ளைகளிடம் அதிகம் வேலை செய்வார்கள். ஏனென்றால் வேடிக்கை பார்க்க ஆள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு நடக்காது. கனடாவில் விளையாட்டுத் திடலில் கேமரா வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் (2001), பக்கத்தில் நின்ற பிள்ளைகளில் யாராவது குறுக்கே வந்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் வம்பு நின்றுபோயிருக்கிறது. உன் வகுப்பில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள், உத்தரவு போடுகிறவர்கள் நாலைந்து பேர்தான். மீதிப் பேரில் உன்னைப்போல ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது, ஆனால் நீ ஒருத்தி மட்டும் இல்லை, பந்தயம் கட்டலாம்.

அதனால் நாளைக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கே சவால் விட வேண்டாம். உன் தோழிகளில் ரொம்ப நம்பிக்கையான ஒருத்தியிடம் மட்டும் சொல், இரண்டு பேராக ஆகிக்கொள். அப்புறம் சின்னதாக ஆரம்பி. “காம்பஸ் இருக்கா?” என்று கேட்டு வாங்கு, திருப்பிக் கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கொடு. ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் யாராவது ஒன்றைக் கேட்டு வாங்குவது, அதற்கு ஒன்றைக் கொடுப்பதைவிடப் பெரிய விஷயம், தன்னிடமும் ஆள் தேவைப்பட்டு வருகிறது என்று அந்த இரண்டு நிமிஷம் அதற்குத் தோன்றும். பஸ் ஸ்டாப்பில் என்ன பாடம் நடந்தது என்று கேள். குரூப்பில் அவளைப் பற்றி ஏதாவது போட்டால் சிரிப்பு எமோஜி போடாதே, அதுவே ஓர் உதவிதான்.

அடிப்பது, மிரட்டுவது, போட்டோ எடுத்துப் பரப்புவது என்று போனால் உன் கையில் வைத்திருக்காதே. நம்பிக்கையான டீச்சரிடம் சொல். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் 14417, கல்வித் துறையின் உதவி எண், இல்லாவிட்டால் 1098, குழந்தைகள் உதவி எண். காட்டிக்கொடுப்பது என்று நினைக்காதே.

கேள்வி: தென்மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியர். பள்ளிக்குள் ஒன்றாக விளையாடுகிற பிள்ளைகள் கேட்டைத் தாண்டினதும் தெருவாரியாகப் பிரிந்து நடக்கிறார்கள். மதியம் தட்டோடு உட்காரும்போதும் அதே வட்டங்கள். நான் அன்பு, கருணை என்று பேசுவது எனக்கே வெறும் வாய்ப்பேச்சாகப் படுகிறது. எங்கிருந்து தொடங்குவது? - ஓர் ஆசிரியர்

பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துவிட்டு, உட்கார வைப்பதிலிருந்து தொடங்குங்கள் சார்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கட்டுகிற வண்ணக் கயிறு, மோதிரம் எல்லாம் பள்ளியில் கூடாது என்றதைத்தான் எல்லோரும் பேசினார்கள், டி.வி.யில் இரண்டு வாரம் அதுவே ஓடியது. எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. பெயரின் அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்பது ஒன்று. உதவித்தொகை பற்றிக் கடிதம் வந்தால் வகுப்பில் சொல்லாமல், தலைமையாசிரியர் அந்தந்தப் பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்பது இன்னொன்று. “எஸ்.சி., எம்.பி.சி. எல்லாம் எழுந்திரு, ஃபார்ம் வாங்கிக்க” என்று நாற்பது பிள்ளைகள் நடுவில் எத்தனை வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்! பணத்தைக் கொடுத்து அதே கையால் அடையாளத்தையும் ஒட்டிவிடுகிறோம், அதன்பிறகு அன்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

அகர வரிசையில் உட்கார வைத்தாகிவிட்டது, சரி, அப்புறம்? பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தேவைப்பட வேண்டும். 1971-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதே தலைவலி. வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், வகுப்புக்குள்ளேயே அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியர் போய்ப் பார்த்துவிட்டு, நல்லிணக்க வகுப்பு ஒன்றும் எடுக்கவில்லை, பாடம் நடத்துகிற முறையை மாற்றினார். ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழு, பாடம் அத்தனை துண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டு மட்டும். மற்றவர்கள் சொன்னால்தான் முழுப் பாடம் கிடைக்கும், பரீட்சையோ எல்லோருக்கும் முழுப் பாடத்திலிருந்து.

உங்கள் வகுப்புக்கு 1806 வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாக அழகாகப் பிரியும். புதுத் தலைப்பாகை உத்தரவும் சிப்பாய்களின் கோபமும் ஒரு பிள்ளைக்கு. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள் கதை ஒரு பிள்ளைக்கு. ஜூலை 10 விடியற்காலையில் நடந்தது ஒருவருக்கு, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி படையோடு வந்தது ஒருவருக்கு, அடக்கின பிறகு யாருக்கு என்ன தண்டனை என்பது ஐந்தாவது ஆளுக்கு. எப்போதும் வாயே திறக்காத பிள்ளை கையில் கில்லஸ்பியைக் கொடுத்துப் பாருங்கள். மற்ற நாலு பேரும் “டேய் சொல்லுடா, அப்புறம் என்னாச்சு?” என்று அதன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை கேலி செய்வார்கள், “இவன்கிட்ட என்ன கேக்குறது?” என்பார்கள். நீங்கள் குறுக்கே போகாமல், பரீட்சை கேள்வி அந்தத் துண்டிலிருந்தும் வரும் என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

தட்டு வட்டம் உடனே உடையாது. அதைக் கட்டாயப்படுத்திக் கலைத்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள், அடுத்த நாள் நாலு பேர் ஹெச்.எம். அறைக்கு வருவார்கள், உங்களுக்கே தெரியும். நீங்கள் போய் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அந்தப் பிள்ளைகளின் தட்டிலிருந்து ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வாத்தியார் எங்கே உட்கார்ந்தார், யார் தட்டில் கை வைத்தார் என்பதைப் பிள்ளைகள் கணக்கு வைத்திருப்பார்கள், தெருவுக்கும் அந்தச் செய்தி போகும். போகட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அன்பு வாரம் நடத்தப் போகிறோம். திங்கள் போஸ்டர் போட்டி, செவ்வாய் பேச்சுப் போட்டி, புதன் உறுதிமொழி, வியாழன் முதியோர் இல்லம், வெள்ளி சிறப்பு விருந்தினர். வேறு என்ன சேர்க்கலாம்? - ஒரு தலைமையாசிரியை, செங்கல்பட்டு

சேர்க்க வேண்டாம், குறைக்கலாம்.

1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் பாதிரியாராகப் படிக்கிற மாணவர்களை வைத்து நடந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசுவதற்கென்றே சிலரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். “நிதானமாகப் போகலாம்” என்று அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், “நேரமாகிவிட்டது, ஓடுங்கள்” என்று விரட்டி அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேர்தான். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை, கையில் நேரம் இருந்ததா இல்லையா என்பதுதான் உண்டாக்கியது.

உங்கள் பள்ளியில் லஞ்ச் எத்தனை நிமிஷம்? கை கழுவ வரிசையில் நின்று, டிபன் பாக்ஸ் திறந்து, விழுங்கி, அடுத்த பெல்லுக்கு ஓடுகிற பிள்ளை, படிக்கட்டில் புத்தகம் சிதறின இன்னொரு பிள்ளைக்காக நிற்குமா? நின்றால் லேட் என்று வெளியே நிறுத்துகிறோம். ஆகவே போஸ்டர், உறுதிமொழி, சிறப்பு விருந்தினர் மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த வாரம் லஞ்சில் பத்து நிமிஷம் கூட்டுங்கள். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள் (திருப்பித் தந்த சரித்திரமே இல்லாத கடன் அது). யாரையாவது கைத்தாங்கலாகக் கூட்டி வந்ததால் லேட்டான பிள்ளையை ஒன்றும் கேட்காமல் உள்ளே விடுங்கள்.

முதியோர் இல்லம் ஒரே ஒரு நாள் போய்ப் பாட்டுப் பாடி போட்டோ எடுத்து வருவதாக இருந்தால் வேண்டாம். மாதம் ஒரு தடவை, பத்துப் பிள்ளைகளாக, வருடம் முழுக்கப் போக முடியுமென்றால் போங்கள். இடையில் வேறு ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் பள்ளியில் கழிப்பறை கழுவுகிற அம்மா பெயர் என்ன என்று எந்த வகுப்பிலாவது கேளுங்கள். ‘ஆயாம்மா’ என்பார்கள், பெயர் தெரியாது. டீச்சர்கள் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். வாட்ச்மேன், வேன் டிரைவர், சமையல் அக்கா எல்லோர் பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொண்டு, பெயரோடு முறை சேர்த்துக் கூப்பிடட்டும், அக்கா என்றோ அண்ணா என்றோ.

கேள்வி: பிறந்தநாளுக்கு என் மகள் கையால் ரோட்டோரப் பெரியவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுக்க வைத்து ரீல்ஸ் போட்டோம். நிறையப் பாராட்டு. ஒரு சொந்தக்காரர் மட்டும் திட்டுகிறார். போடக் கூடாதா? - ஓர் அம்மா, சென்னை

பொட்டலம் கொடுங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெரியவர் முகத்தைக் காட்டலாமா என்று அவரிடம் கேட்டீர்களா? சொந்தக்காரர் பக்கம்தான் நான்.

கேள்வி: பேத்திக்கு நாலு வயது, எல்.கே.ஜி. வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பொம்மையைத் தரவே மாட்டேன் என்கிறாள். “ஷேர் பண்ணு, ஷேர் பண்ணு” என்று மருமகள் பிடுங்கிக் கொடுக்கிறாள், இவள் வீடு இரண்டுபட அழுகிறாள். சுயநலக்காரியாக வளர்ந்துவிடுவாளோ? - ஒரு தாத்தா, தஞ்சாவூர்

நாலு வயதில் சுயநலம் என்று ஒன்றும் கிடையாது தாத்தா, அது வயசு. பிடுங்கிக் கொடுத்தால் கொடுப்பதைப் பழக மாட்டாள், பெரியவர்கள் பிடுங்கலாம் என்பதைத்தான் பழகுவாள். ஆள் வருவதற்கு முன்னாலேயே கேளுங்கள்: “எதெல்லாம் யாரும் தொடக் கூடாது? அதை உள்ளே எடுத்து வெச்சிடலாமா?” இரண்டு மூன்று பொம்மை பீரோவுக்குப் போகட்டும், மீதி எல்லோருக்கும் பொது. வருகிற பிள்ளையும் அழுதால், “அவ விளையாடி முடிச்சதும் உன் முறை” என்று சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். முறை வருவது நிச்சயம் என்று தெரிந்தால் இரண்டு பேருமே அமைதியாகிவிடுவார்கள். மருமகளிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள், நீங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.